ஹெட்லைட் மங்கிவிட்டது: பற்பசை போதாதா?

கேள்வி: 6 பிப்ரவரி 2022

ஒன்பது வருடக் கார். முன்விளக்குக் கண்ணாடிகள் இரண்டும் மஞ்சளேறி, பனி படர்ந்ததுபோல் கிடக்கின்றன. பற்பசையைத் துணியில் தொட்டுப் பத்து நிமிடம் தேய்த்தேன். பாதி மங்கல் போய்விட்டது. இவ்வளவு சுலபமான வேலைக்கு உப்புத்தாள், காம்பவுண்ட், கோட்டிங் என்று ஏன் எல்லோரும் பெரிதாக்குகிறார்கள்? மாதம் ஒருமுறை பற்பசை போட்டால் தீர்ந்தது அல்லவா?

6 பிப்ரவரி 2022, இரவு

தீராது. 2020இல் நானும் இதையேதான் செய்தேன். முதல் தடவை தேய்த்தபோது வந்த பளபளப்பு ஐந்து வாரம் இருந்தது. இரண்டாம் தடவை மூன்று வாரம். நான்காம் தடவைக்குப் பிறகு நடுவில் தெளிவு, ஓரங்களில் மஞ்சள், இடையே திட்டுத் திட்டாக மங்கல் என்று, தொடங்கியதைவிட மோசமாக நின்றது.

பற்பசையில் மாயம் எதுவும் இல்லை. அதில் பல்லைத் தேய்க்க நுண்ணிய தூள் இருக்கிறது. அது மேலே வெந்துபோன பகுதியைச் சிறிது சுரண்டி எடுக்கிறது. சுரண்டுவது தவறில்லை. சுரண்டிய இடத்தை வெறுமனே வெயிலில் விடுவதுதான் தவறு. காரணத்தை நாளை எழுதுகிறேன்.

7 பிப்ரவரி 2022

நாம் கண்ணாடி என்று சொல்கிறோமே தவிர, அது கண்ணாடி அல்ல. பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக். 1953இல் ஜெர்மனியின் பேயர் நிறுவனத்தில் ஹெர்மன் ஷ்னெல் இதைக் கண்டுபிடித்தார். ஏறக்குறைய அதே நேரத்தில் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக்கில் டேனியல் ஃபாக்ஸ் தனியாக இதையே அடைந்தார். கல் பட்டால் உடையாது, எடை குறைவு, எந்த வளைவுக்கும் வார்க்கலாம். இந்த மூன்றுக்காகவே கார் விளக்குகள் கண்ணாடியைக் கைவிட்டன.

பழைய கார்களின் வட்ட விளக்குகள் மஞ்சளானதைப் பார்த்திருக்க மாட்டீர்கள். அவை உண்மையான கண்ணாடி. அமெரிக்காவில் 1940இலிருந்து கட்டாயமாக இருந்த, பல்பும் முகப்பும் ஒரே துண்டான முழு மூடிய விளக்கில் இழை எரிந்துபோனால் விளக்கையே கழற்றிப் புதிது போடுவார்கள். அதனால் முகப்பு கிழடாகும்வரை அது வண்டியில் இருந்ததே இல்லை. 1984 மாடல் லிங்கன் மார்க் 7 காரில் பல்பை மட்டும் மாற்றும் விளக்கு அங்கே வந்த பிறகுதான், முகப்பு வண்டியோடு சேர்ந்து மூப்படையத் தொடங்கியது.

பாலிகார்பனேட்டுக்கு ஒரு பலவீனம் உண்டு: சூரியனின் புறஊதாக் கதிர். அது பிளாஸ்டிக்கின் சங்கிலி அமைப்பை மேற்பரப்பில் குலைக்கிறது. காற்றின் ஆக்சிஜனும் கூடச் சேர்கிறது. குலைந்த துண்டுகள் நீல ஒளியை விழுங்குவதால் நமக்கு மஞ்சளாகத் தெரிகிறது. இதைத் தடுக்கத்தான் தொழிற்சாலையில் தலைமுடியைவிட மெல்லிய ஒரு கடினப் பூச்சைக் கொடுத்து அனுப்புகிறார்கள். கீறலையும் புறஊதாவையும் தாங்குவது அந்தப் பூச்சுதான். சில வருடங்களில் அது வெடித்து, உரிந்து, மாவுபோல் ஆகிறது. முதலில் நம் கண்ணுக்குத் தெரியும் மங்கல் பெரும்பாலும் செத்துக்கொண்டிருக்கும் பூச்சுதான். பிளாஸ்டிக்கின் சேதம் அதற்குப் பிறகு வருகிறது.

இப்போது பற்பசைக்கு வாருங்கள். அது மிச்சமிருக்கும் பூச்சையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கழற்றுகிறது. பதிலுக்கு எதையும் போடுவதில்லை.

9 பிப்ரவரி 2022

வேலையைத் தொடங்கும் முன் பத்து நிமிடம் பரிசோதனைக்கு ஒதுக்குங்கள். எல்லா மங்கலும் வெளியே இருப்பதில்லை.

விளக்கை நன்றாகக் கழுவி, ஈரமாக இருக்கும்போதே பாருங்கள். நனைந்தவுடன் தெளிந்து, உலர்ந்ததும் மங்கினால் கோளாறு வெளிப்புறத்தில். உங்கள் கையால் சரியாகும். நனைந்தபோதும் மங்கல் அப்படியே இருந்தால், உள்ளே நீராவி படிந்திருக்கலாம், அல்லது பிளாஸ்டிக்குக்குள் மெல்லிய விரிசல்கள் ஓடியிருக்கலாம். டார்ச்சைச் சாய்த்து அடித்தால் சிலந்தி வலைபோல் தெரியும் அந்த விரிசல்களை எந்த உப்புத்தாளும் எடுக்காது.

உள்ளே ஓரத்தில் லேசான ஆவி படிந்து, விளக்கைப் போட்டுச் சிறிது நேரத்தில் மறைந்தால் கவலை வேண்டாம். விளக்கு மூச்சுவிடச் சிறு துளைகள் உண்டு. அடியில் தண்ணீர் தேங்கினால் சீல் போய்விட்டது என்று பொருள்.

பல்புக்குப் பின்னால் இருக்கும் வெள்ளிப் பூச்சையும் பாருங்கள். அது கருத்தோ புகைபிடித்தோ இருந்தால் முகப்பை எவ்வளவு தேய்த்தாலும் வெளிச்சம் வராது. அதைத் துணியால் துடைக்கப் போகாதீர்கள்! மிக மெல்லிய அலுமினியப் படலம் அது, ஒரு துடைப்பிலேயே போய்விடும். என் பக்கத்து வீட்டுக்காரர் பல்பு ஓட்டை வழியாகக் குச்சியில் துணி சுற்றி விட்டுத் துடைத்தார். முழு விளக்கையே மாற்ற வேண்டியதாயிற்று.

12 பிப்ரவரி 2022

நான் செய்யும் முறை இது. இரண்டு விளக்குக்கும் சேர்த்து அரை நாள் போகும்.

சுற்றியுள்ள பெயின்ட், பம்பர், பானெட் ஓரம் எல்லாவற்றுக்கும் மாஸ்கிங் டேப் இரண்டு அடுக்கு. ஒரு அடுக்கு போதும் என்று 2020இல் நினைத்தேன். விளிம்பில் 600 நம்பர் தாள் டேப்பைக் கிழித்துப் பெயின்ட்டைத் தொட்டது. அந்தத் தடம் இன்றும் இருக்கிறது.

வாளியில் தண்ணீர், அதில் இரண்டு சொட்டு சோப்பு. தண்ணீரில் ஊறவைக்கும் வகை உப்புத்தாள். நம்பர் குறையக் குறையச் சொரசொரப்பு அதிகம். மஞ்சள் முற்றியிருந்தால் 600இல் தொடங்குங்கள். லேசாக இருந்தால் 800 அல்லது 1000. தாளுக்குப் பின்னால் மெத்தென்ற ஸ்பாஞ்சுக் கட்டை வைத்தால் அழுத்தம் சீராக விழும். விளிம்புகளுக்கு மட்டும் விரல்.

முதல் தாள்தான் வேலையே. எல்லோரும் அவசரப்படுவது இங்கேதான். தேய்க்கும்போது வழியும் நீர் முதலில் மஞ்சளாக, பால்போல் கெட்டியாக வரும். அது மஞ்சள் நீங்கி வெள்ளையாகும்வரை நிறுத்தாதீர்கள். பிறகு முழுதாகத் துடைத்து, உலரவிட்டு, சாய்வாகப் பாருங்கள். எங்கும் ஒரே மாதிரியான மங்கல் இருக்க வேண்டும். எங்காவது தீவுபோல் பளபளப்பு மிச்சமிருந்தால் அது பழைய பூச்சு. அதை விட்டுவிட்டு அடுத்த தாளுக்குப் போனால், கடைசியில் சரியாக அந்தத் தீவின் கரை ஒரு கோடாகத் தெரியும். எனக்கு ஒரு விளக்கின் முதல் கட்டத்துக்கு மட்டும் இருபத்தைந்து நிமிடம் ஆகிறது. மற்ற தாள்கள் ஐந்து ஐந்து நிமிடந்தான்.

600ஐக் கிடைமட்டமாகத் தேய்த்தால் 1000ஐச் செங்குத்தாகத் தேய்க்க வேண்டும். பழைய கோடுகள் குறுக்கே கிடப்பதால், அவை போய்விட்டனவா என்று கண்ணுக்குத் தெரியும். அடுத்து 1500 கிடைமட்டம், 2000 செங்குத்து. ஒவ்வொரு தாளுக்கும் தண்ணீரை மாற்றுங்கள். முந்தைய தாளின் ஒரே ஒரு துகள் ஒட்டியிருந்தாலும் நீளக் கீறல் விழும்.

2000 முடிந்ததும் ரப்பிங் காம்பவுண்ட் (நுண்ணிய தூள் கலந்த தேய்ப்புப் பசை), பிறகு பாலிஷ். டிரில்லில் ஸ்பாஞ்சு மாட்டிச் செய்வதானால் குறைந்த வேகம், நகர்த்திக்கொண்டே இருப்பது. ஒரே இடத்தில் நின்றால் சூடேறிப் பிளாஸ்டிக் இழுபடும்.

கண்ணாடிபோல் பளபளத்ததும் ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் எண்ணெய்ப் பசை போகத் துடைத்து, புறஊதா தடுக்கும் கோட்டிங். கடைசியாகச் சொன்னதைச் செய்யமாட்டீர்கள் என்றால் முதலாவதைத் தொடங்கவே வேண்டாம். 2020 கடைசியில் பூச்சு இல்லாமல் பாலிஷோடு நிறுத்தினேன். ஏழே மாதத்தில் முழுவதும் மஞ்சள்.

13 பிப்ரவரி 2022

முக்கியமானதை விட்டுவிட்டேன். தின்னர், அசிட்டோன், நகப்பூச்சு நீக்கும் திரவம் எதுவும் அருகில் வரக்கூடாது. என் தங்கையின் கணவர் டேப் பசையை எடுக்கத் தின்னரைத் தொட்டார்; கண் முன்னாலேயே வெள்ளை வெள்ளையாக விரிசல் ஓடியது.

கொசு விரட்டும் ஸ்பிரே அடித்தால் பளபளக்கும் என்று ஒரு வித்தை சுற்றிக்கொண்டிருக்கிறது. அதில் உள்ள டீட் என்ற வேதிப்பொருள் பிளாஸ்டிக்கின் மேற்பரப்பை இளக்கிவிடுகிறது. நீங்கள் காண்பது சுத்தம் அல்ல, இளகிய பிளாஸ்டிக்கின் மினுமினுப்பு. குளோரோஃபார்ம் போன்ற கரைப்பான்களைக் கொதிக்கவைத்து ஆவி காட்டுவதும் அதே கதைதான். கூடவே அந்த ஆவி உங்கள் நுரையீரலுக்கும் கல்லீரலுக்கும் போகிறது. வீட்டில் யாரும் செய்யாதீர்கள்.

20 பிப்ரவரி 2022

பெயின்டர் வேலை பார்க்கும் ஒருவர் 12ஆம் தேதிக் குறிப்பைப் படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "காரின் கதவுக்குக் கிளியர் கோட், அதாவது நிறமில்லாத மேல்பூச்சு, அடிக்கும் முன் யாராவது பாலிஷ் போடுவார்களா?"

போடமாட்டார்கள். பூச்சு பிடிக்கப் பரப்பில் நுண்ணிய சொரசொரப்பு வேண்டும். பாலிஷில் எண்ணெயும் மெழுகும் வேறு இருக்கின்றன. 2021இல் நான் போட்ட கோட்டிங் பத்தாவது மாதத்தில் ஓரத்திலிருந்து தோல்போல் உரிந்ததற்குக் கோட்டிங்கின் தரத்தைத்தான் இதுவரை குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆனால் 2000 நம்பர் தாளோடு நிறுத்தினால் மங்கலாகத்தானே இருக்கும்? அதற்கும் அவரே பதில் சொன்னார்: "நனைத்துப் பார்." ஈரத்தில் தெளிந்தால் கோட்டிங் போட்டதும் தெளியும். யோசித்தால் நியாயமாக இருக்கிறது. கீறலின் பள்ளத்தில் காற்று இருப்பதால்தான் ஒளி சிதறுகிறது. பாலிகார்பனேட்டின் ஒளிவிலகல் எண், அதாவது ஒளியை வளைக்கும் அளவு, 1.58, தண்ணீருடையது 1.33. பள்ளத்தை நிரப்புவதன் எண் பிளாஸ்டிக்கின் எண்ணை நெருங்க நெருங்கச் சிதறல் குறையும். தண்ணீர் நிரம்பும்போதே இவ்வளவு தெளிகிறது என்றால், 1.5 அருகே உள்ள கோட்டிங்கின் ரெசின் நிரம்பும்போது இன்னும் தெளியத்தானே வேண்டும்? 9ஆம் தேதி நானே எழுதிய பரிசோதனைதான். அதன் முழுப் பொருள் எனக்கு அப்போது பிடிபடவில்லை.

12ஆம் தேதிக் குறிப்பில் காம்பவுண்ட், பாலிஷ் பத்தியை அடித்துவிடுங்கள். இல்லை, பொறுங்கள். செய்துபார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

27 பிப்ரவரி 2022

செய்தேன். இடது விளக்கு பழைய முறை: 2000, காம்பவுண்ட், பாலிஷ், ஆல்கஹால், கோட்டிங். வலது விளக்கு: 2000, சோப்பு நீர், ஆல்கஹால், கோட்டிங்.

வலது விளக்கு துணி நகர நகரத் தெளிந்தது. மங்கலான வெள்ளைப் பரப்பின் மேல் ஈரக் கோடு ஓடி, அதன் பின்னால் பல்பும் வெள்ளிக் கிண்ணமும் துலங்கி வந்ததைப் பார்த்தபோது உடம்பு சிலிர்த்தது. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். இரண்டில் எது பாலிஷ் போட்டது என்று அவளால் சொல்ல முடியவில்லை.

துடைத்துப் பூசும் கோட்டிங்கில் கை திரும்பக்கூடாது. இடமிருந்து வலம் ஒரே இழுப்பு, அடுத்த இழுப்பு அதன் விளிம்பைச் சற்றுத் தொட்டபடி. விட்டுப்போன இடத்துக்கு உடனே திரும்பிப் போனால் கோடு விழும். காய்ந்த பிறகு அடுத்த பூச்சில் பார்த்துக்கொள்ளலாம். நேர் வெயிலில் செய்யாதீர்கள். ஸ்பிரே வகையானால் 800 அல்லது 1000இலேயே நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள், பூச்சின் தடிமன் கீறலை நிரப்பிவிடுவதால். டப்பாவில் எந்த நம்பர் என்று போட்டிருக்கிறதோ அதுதான் உங்கள் நம்பர்.

ஹார்டனர் (இறுகவைக்கும் திரவம்) கலக்கும் இரண்டு பாகக் கிளியர் கோட்டுதான் நீடிக்கும் என்பது உண்மை. ஆனால் அதில் ஐசோசயனேட் என்ற, நுரையீரலைக் கெடுக்கும் வேதிப்பொருள் இருக்கிறது. சாதாரணத் துணி முகக்கவசம் அதைத் தடுக்காது. உரிய முகமூடியும் காற்றோட்டமும் இல்லாதவர்கள் பெயின்டரிடம் கொடுத்துவிடுவது நல்லது.

28 பிப்ரவரி 2022

வண்டியை இரவு வெளியே விட்டேன். பனி இறங்கியது. காலையில் வலது விளக்கின் மேல் விளிம்பில் விரலகலத்துக்கு வெள்ளை பூத்திருக்கிறது. கோட்டிங் இறுகும் முன் ஈரம் பட்டால் இப்படித்தான் ஆகும். அந்த இடத்தை மட்டும் மறுபடி 2000 போட்டுப் பூசினேன். மாலையில் பூசிவிட்டு வெளியே விடாதீர்கள்.

15 மார்ச் 2022

முன், பின் என்று படம் போடச் சொல்கிறீர்கள். போட எனக்கு விருப்பமில்லை. செல்பேசி தானாகவே வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிறது. ஈரமான விளக்கைப் படமெடுத்தாலே புதிதுபோல் வரும். பற்பசை வித்தைகள் பரவுவதே அந்த மாதிரிப் படங்களால்தான்.

சுவரைப் பாருங்கள். சமதரையில், இருட்டில், சுவரிலிருந்து ஏழெட்டு மீட்டர் தள்ளி நிறுத்தி டிம் போடுங்கள். நல்ல விளக்கில் வெளிச்சத்தின் மேல் எல்லை கத்தியால் வெட்டியதுபோல் இருக்கும். மங்கிய விளக்கில் அந்த எல்லை கரைந்து, ஒளி மேலே வழியும். அந்த வழியும் ஒளிதான் எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கிறது. உங்களுக்குப் பாதை தெரியாது, அவருக்கும் தெரியாது.

அமெரிக்க வாகன ஓட்டிகள் அமைப்பான ஏஏஏ 2018இல் சுமார் 11 வருடம் ஓடிய கார்களின் விளக்குகளைச் சோதித்தது. புதிய விளக்கின் வெளிச்சத்தில் ஐந்தில் ஒரு பங்கு அளவுதான் அவற்றில் வந்தது. தேய்த்துச் சீர்செய்தபோது ஏறக்குறைய 70 சதவீதம் திரும்பியது. அந்த 70ஐக் கவனியுங்கள். நாம் செய்வது புதியதாக்கும் வேலை அல்ல. விரிசல் ஓடியவர்களும், இரவில் அதிகம் ஓட்டுபவர்களும் முழு விளக்கை மாற்றுவதையே நான் சொல்வேன்.

2 ஏப்ரல் 2022

எல்இடி பல்பு போட்டால் தேய்க்கும் வேலையே வேண்டாமா என்று கேட்கிறார் ஒருவர். மங்கிய முகப்புக்குப் பின்னால் எவ்வளவு பிரகாசமான பல்பு வைக்கிறீர்களோ அவ்வளவு ஒளி சிதறும். எதிரே வருபவருக்கு இன்னும் கொடுமை. முகப்பைச் சரிசெய்த பிறகு பல்பைப் பற்றி யோசியுங்கள்.

பின்விளக்கு ஏன் மஞ்சளாவதில்லை என்ற கேள்வி அழகானது. பின்விளக்குகள் பெரும்பாலும் அக்ரிலிக். அது வெயிலை நன்றாகத் தாங்கும், ஆனால் கல்லடிக்கு உடையும். முன்னால் கல் தெறிக்கும் இடத்தில் உடையாத பாலிகார்பனேட்டை வைத்து, அதன் பலவீனத்துக்கு ஒரு பூச்சைக் கவசமாக்கினார்கள். இத்தனை நாளாக நாம் பேசிக்கொண்டிருப்பது அந்தக் கவசத்தைப் பற்றித்தான்.

19 நவம்பர் 2022

ஒன்பது மாதம் ஆகப்போகிறது. இடது விளக்கில், அதாவது பாலிஷ் போட்டதில், மேல் ஓரம் உரியத் தொடங்கிவிட்டது. நகத்தால் தள்ளினால் படலமாக வருகிறது. வலது விளக்கு அசையவில்லை. பனியில் வெளுத்து மறுபடி பூசிய இடம்கூட உறுதியாக இருக்கிறது. பெயின்டர் சொன்னது சரி. பிப்ரவரி 12ஆம் தேதிக் குறிப்பின் அந்தப் பத்தியை இப்போது உறுதியாக அடித்துவிடலாம்.

20 நவம்பர் 2022

நேற்று எழுதியதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். இரவு முழுவதும் ஒன்று உறுத்திக்கொண்டிருந்தது. என் வண்டி தினமும் ஒரே இடத்தில், ஒரே திசையில் நிற்கிறது. பிற்பகல் வெயில் விழுவது இடது விளக்கின் மேல்; வலது விளக்கு சுவரின் நிழலில். 2020இலும் இடதுதான் முதலில் மஞ்சளானது. அப்படியானால் உரிந்ததற்குப் பாலிஷ் காரணமா, வெயில் காரணமா? இந்தப் பரிசோதனை இதற்குப் பதில் சொல்லவில்லை.

இடதை மறுபடி முழுதாகத் தேய்த்து, இந்தமுறை பாலிஷ் இல்லாமல், அதே கோட்டிங், அதே இரண்டு பூச்சு. வண்டியும் அதே இடத்தில்தான் நிற்கும். கார் மூடும் உறையை வாங்கிவைத்தும் வேண்டுமென்றே போடவில்லை.

5 மார்ச் 2023

இடது: மாற்றமில்லை.

26 ஆகஸ்ட் 2023

ஒன்பது மாதம் தாண்டியது. பாலிஷ் போட்டபோது உரியத் தொடங்கிய கட்டம் இது. விளிம்பை நகத்தால் தள்ளிப் பார்த்தேன், பிடித்துக்கொண்டிருக்கிறது.

முதலில் கேள்வி கேட்டவர் இன்று எழுதியிருந்தார். பற்பசையை நிறுத்திவிட்டு, 800இலிருந்து 2000 வரை போய், கோட்டிங் பூசினாராம். நேற்றிரவு மழையில் ஓட்டியபோது சாலையோர வெள்ளைக்கோடு பல வருடத்துக்குப் பிறகு தனக்குத் தெரிந்தது என்றார். அந்த வரியை இரண்டு முறை படித்தேன். ஐயா, வருடத்துக்கு ஒருமுறை விளிம்பைப் பாருங்கள். உரிவதற்கு முன்பே, பரப்பு சற்றுப் பளபளப்புக் குறையும்போதே, 2000 தாளால் லேசாகத் தடவி ஒரு பூச்சு கொடுத்தால் 600க்குத் திரும்பிப் போக வேண்டியிருக்காது.

25 நவம்பர் 2023

இடது விளக்குக்கு ஒரு வருடம் முடிந்தது. அதே வெயில், அதே கோட்டிங், உரியவில்லை. மேல் விளிம்பில் மட்டும் பெருவிரல் நகத்தளவு பளபளப்புக் குறைந்திருக்கிறது. டேப்பும் தாளும் எடுத்து வைத்துவிட்டேன். நாளைக் காலையிலேயே பூசி, மாலைப் பனிக்கு முன் வண்டியை உள்ளே விட வேண்டும். பிறகு உறையைப் போடலாம்.